முழுக் கோட்டுருவும் இருகூறு கோட்டுருவும்: செஸ் பலகை வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டி நடந்தது. எட்டு வீரர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருடனும் இரண்டு முறை ஆட வேண்டும். 14 சுற்று, சுற்றுக்கு 4 ஆட்டம், ஆக 56 ஆட்டம். சென்னையின் குகேஷ் 9 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார். நெபோம்னியாஷி, நகமுரா, கருவானா மூவருக்கும் தலா 8.5. பிரக்ஞானந்தா 7, விதித் 6, ஃபிரூஜா 5, அபாசோவ் 3.5. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 56 வரும். ஜெயித்தால் 1, டிரா ஆனால் ஆளுக்கு அரை. ஆக ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு புள்ளிதான் வெளியே வர முடியும். ஆட்டங்களின் எண்ணிக்கையும் புள்ளிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்.

இந்த எட்டுப் பேரை எட்டுப் புள்ளிகளாக வரைந்து, ஆடிக்கொண்ட ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் கிடைப்பது முழுக் கோட்டுரு. எட்டுப் பேரை நாலு நாலாக இரண்டு அணியாகப் பிரித்து, எதிரணிக்காரருடன் மட்டும்தான் ஆடலாம் என்று விதி போட்டால் கிடைப்பது முழு இருகூறு கோட்டுரு. இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்து மனப்பாடம் செய்பவர்களே அதிகம். ஒன்றைப் பிளந்தால் இன்னொன்று வரும் என்று தெரிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும். இந்த வழிகாட்டி அந்தப் பாதையில்தான் போகிறது.

படி 1: தேவையான சொற்கள்

புள்ளிகளுக்கு முனைகள் என்று பெயர். இரண்டு முனைகளை இணைக்கும் கோடு விளிம்பு. முனைகளும் விளிம்புகளும் சேர்ந்தது கோட்டுரு. கல்லூரியில் பலரும் கிராஃப் என்றே சொல்வார்கள். கோடு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பது பொருட்டல்ல. யாரோடு யார் இணைந்திருக்கிறார்கள் என்பது மட்டுமே கணக்கு. ஆகவே ஒரே கோட்டுருவைப் பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத பத்து விதமாக வரையலாம். தேர்வில் சறுக்குபவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒரு முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை அதன் படி. எல்லா முனைகளின் படிகளையும் கூட்டினால் விளிம்புகளைப் போல இரண்டு மடங்கு வரும், ஏனென்றால் ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு முனை உண்டு, இரண்டு முறை எண்ணப்படுகிறது. கைகுலுக்கல் தேற்றம் என்பது இவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க இது கூடவே வரும்.

இங்கே நாம் பேசுவது எளிய கோட்டுருக்கள் பற்றி மட்டும். அதாவது ஒரு முனை தன்னோடே இணைவதில்லை, ஒரு ஜோடிக்கு நடுவே ஒரு விளிம்புக்கு மேல் இல்லை. டொராண்டோ போட்டியில் ஒரு ஜோடிக்கு இரண்டு ஆட்டம் இருந்தது, அதனால் முதல் ஏழு சுற்றுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 2: முழுக் கோட்டுருவை எண்ணுவது

எந்த இரண்டு முனைகளை எடுத்தாலும் நடுவே ஒரு விளிம்பு இருந்தால் அது முழுக் கோட்டுரு. முனைகளின் எண்ணிக்கையைச் சேர்த்து கே(5), கே(8) என்று எழுதுவோம். கே(1) ஒரு தனிப் புள்ளி, கே(2) ஒரு கோடு, கே(3) ஒரு முக்கோணம். கே(4) என்பது சதுரமும் அதன் இரண்டு மூலைவிட்டங்களும்.

ந முனைகள் இருந்தால் ஒவ்வொரு முனையின் படியும் ந−1. கூட்டினால் ந(ந−1). கைகுலுக்கல் தேற்றப்படி அதில் பாதிதான் விளிம்பு. ஆகவே விளிம்புகள் ந(ந−1)/2. எட்டுப் பேருக்கு 8×7/2 = 28. இருமுறை ஆடினால் 56, முதல் பத்தியில் வந்த எண்.

இதையே வேறு விதமாகவும் எண்ணலாம். வீரர்கள் ஒவ்வொருவராக அரங்குக்குள் வருகிறார்கள், வந்தவர் ஏற்கெனவே உள்ளே இருக்கும் எல்லோருடனும் ஓர் ஆட்டம் பதிவு செய்கிறார். இரண்டாமவர் 1, மூன்றாமவர் 2, எட்டாமவர் 7. கூட்டுத்தொகை 1+2+…+7 = 28. சூத்திரம் மறந்துபோகும் நாளில் இந்த இரண்டாவது வழி கைகொடுக்கும்.

படி 3: கையை எடுக்காமல் வரைதல்

பேப்பரிலிருந்து பேனாவை எடுக்காமல், ஒரு கோட்டின் மேல் மறுபடி போகாமல், முழுக் கோட்டுருவை வரைந்து தொடங்கிய இடத்துக்கே வர முடியுமா? கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களை வைத்து எழுந்து, கணிதவியலாளர் ஆய்லர் 1736இல் தீர்த்துவைத்த கேள்வியின் இன்னொரு வடிவம்தான் இது. இணைந்த கோட்டுருவில் எல்லாப் படிகளும் இரட்டைப்படையாக இருந்தால் முடியும், இல்லாவிட்டால் முடியாது. முழுக் கோட்டுருவில் எல்லோருக்கும் படி ந−1. எனவே ந ஒற்றைப்படையாக இருந்தால் முடியும். கே(5) முடியும். கே(4), கே(6) முடியாது.

வீட்டில் டோமினோ பெட்டி இருந்தால் இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். 0 முதல் 6 வரை எண் போட்ட 28 ஓடுகள். இரண்டு பக்கமும் ஒரே எண் உள்ள 7 ஓடுகளைத் தனியே வையுங்கள். மிச்சம் 21. ஒவ்வோர் ஓடும் இரண்டு வெவ்வேறு எண்களை இணைக்கிறது, எல்லா ஜோடிகளும் உண்டு. அதாவது 7 எண்கள் முனைகள், 21 ஓடுகள் விளிம்புகள்: இது கே(7). எல்லாப் படியும் 6. அதனால் அந்த 21 ஓடுகளையும் எண்ணோடு எண் பொருந்தும்படி வட்டமாக அடுக்கி மூட முடியும். தனியே வைத்த 7 ஓடுகளையும் அங்கங்கே நடுவில் செருகிவிடலாம். இப்போது 6 என்ற எண் வரும் ஓடுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரே எண் ஓடுகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் மிஞ்சுவது கே(6), 15 ஓடுகள், எல்லாப் படியும் 5. வட்டம் கிடைக்காது. நேர்கோட்டில் அடுக்கினாலும் குறைந்தது 2 ஓடு வெளியே நிற்கும், ஏனென்றால் ஒற்றைப்படைப் படியுள்ள முனைகள் ஆறு இருக்கின்றன, ஒரு நேர்கோட்டு வரிசை இரண்டை மட்டுமே பொறுத்துக்கொள்ளும்.

படி 4: போட்டி அட்டவணை போடுவது

28 ஆட்டங்களை 7 சுற்றுகளில், சுற்றுக்கு 4 ஆட்டமாக, யாரும் சும்மா இருக்காமல் பிரிக்க முடியுமா? கோட்டுருவியல் மொழியில் சொன்னால், கே(8)இன் விளிம்புகளுக்கு 7 வண்ணம் தீட்ட வேண்டும், ஒரே முனையில் சேரும் விளிம்புகள் இரண்டுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது.

வழி எளிது. 8ஆம் எண்ணை நடுவில் வையுங்கள். 1 முதல் 7 வரை அதைச் சுற்றி வட்டமாக எழுதுங்கள்.

முதல் சுற்று: 8–1, 2–7, 3–6, 4–5.
இரண்டாவது சுற்று: 8–2, 3–1, 4–7, 5–6.
மூன்றாவது சுற்று: 8–3, 4–2, 5–1, 6–7.

8ஐத் தவிர எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகிறோம், 7க்கு அடுத்தது 1. ஏழு சுற்றில் வட்டம் முழுதாகச் சுழன்றுவிடும். ஒரே ஜோடி இருமுறை வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? முதல் சுற்றைப் பாருங்கள். வட்டத்தில் 4–5 பக்கத்துப் பக்கத்தில், 3–6 மூன்று இடம் தள்ளி, 2–7 (மறுபக்கமாக எண்ணினால்) இரண்டு இடம் தள்ளி. இடைவெளி 1, 2, 3 மூன்றும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. வட்டத்தில் ஏழு எண்களுக்கு வேறு இடைவெளியே கிடையாது. ஒவ்வோர் இடைவெளியும் ஏழு சுற்றில் ஏழு இடங்களுக்கும் நகர்கிறது, அதனால் விடுபடுவதும் இல்லை, திரும்ப வருவதும் இல்லை.

செஸ் நடுவர்கள் பயன்படுத்துவது பெர்கர் அட்டவணை, ஆஸ்திரியாவின் யோஹான் பெர்கர் பெயரால் வழங்குவது. அதில் இரண்டாவது சுற்று 8–5, 6–4, 7–3, 1–2 என்று வரும். பயப்பட வேண்டாம், நம் முறையில் அது ஐந்தாவது சுற்று. சுற்றுகளின் வரிசைதான் வேறு. வெள்ளைக் காய், கருப்புக் காய் யாருக்கு என்பதைச் சமமாகப் பங்கிடுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்? ஏழு பேர் மட்டும் வந்தால் 8ஐ ஒரு கற்பனை ஆளாக வைத்துக்கொள்ளுங்கள், அவரோடு யார் மோத வேண்டுமோ அவருக்கு அன்று ஓய்வு. ஆக இரட்டைப்படை ந பேருக்கு ந−1 சுற்று, ஒற்றைப்படை ந பேருக்கு ந சுற்று.

யாருக்கு எந்த எண் என்பது நம் விருப்பம். கேண்டிடேட்ஸில் ஒரே நாட்டு வீரர்கள் தங்களுக்குள் முதலிலேயே ஆடிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு, கடைசிச் சுற்றுகளில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்களோ என்ற பேச்சே எழாமல் இருப்பதற்காக. குகேஷ் பிரக்ஞானந்தாவை இரண்டாவது சுற்றிலேயே சந்தித்து வென்றது அதனால்தான். எண் பிரிக்கும்போதே இதைச் செய்துவிடுகிறார்கள், கோட்டுரு மாறுவதில்லை.

படி 5: ஆறு பேர் இருந்தால் ஒரு முக்கோணம் நிச்சயம்

அந்த எட்டுப் பேரில் யாராவது ஆறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் அவர்கள் தங்களுக்குள் ஆடிய 15 ஆட்டங்களில் டிரா ஆனவற்றுக்கு நீலம், முடிவு வந்தவற்றுக்குச் சிவப்பு. எப்படி ஆடியிருந்தாலும் சரி, மூன்று ஆட்டமும் நீலமாகவோ மூன்றும் சிவப்பாகவோ உள்ள மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள்.

காரணம்: ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கு ஐந்து ஆட்டம், இரண்டே வண்ணம். ஒரு வண்ணமாவது மூன்று முறை வந்தாக வேண்டும். சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று எதிராளிகளில் யாராவது இருவருக்குள் சிவப்பு இருந்தால் முதலாமவரோடு சேர்த்து சிவப்பு முக்கோணம். ஒரு சிவப்புகூட இல்லையா, அந்த மூவருமே நீல முக்கோணம். முடிந்தது.

ஐந்து பேருக்கு இது பொருந்தாது. ஐங்கோணத்தின் பக்கங்களைச் சிவப்பாகவும் உள்ளே இருக்கும் நட்சத்திரத்தை நீலமாகவும் தீட்டிப் பாருங்கள். முக்கோணத்துக்குப் பதில் ஒரே வண்ண கே(4) வேண்டும் என்றால் 18 பேர் தேவை. கே(5) வேண்டும் என்றால்? 43க்குக் குறையாது, 46க்கு மேல் போகாது, அதற்குமேல் யாருக்கும் தெரியாது.

படி 6: இருகூறு கோட்டுரு, குதிரை வழியாக

குதிரை கருப்புக் கட்டத்தில் நின்றால் அடுத்த தாவல் வெள்ளையில்தான் விழும். வெள்ளையிலிருந்து கருப்புக்கு. இதில் விதிவிலக்கே இல்லை. 64 கட்டங்களை முனைகளாகவும் குதிரை தாவக்கூடிய ஜோடிகளை விளிம்புகளாகவும் வைத்தால், முனைகள் இரண்டு கூறாகப் பிரிகின்றன. எல்லா விளிம்புகளும் ஒரு கூறிலிருந்து மறு கூறுக்குப் போகின்றன, ஒரு கூறுக்குள்ளேயே ஒரு விளிம்புகூட இல்லை. இப்படிப் பிரிக்க முடிகிற கோட்டுருவே இருகூறு கோட்டுரு.

எத்தனை விளிம்பு என்று பார்த்துவிடலாம். குதிரையின் ஒவ்வொரு தாவலும் ஒரு 2×3 செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகளை இணைக்கிறது. ஒரு செவ்வகத்துக்கு இரண்டு தாவல். பலகையில் படுத்தவாக்கில் 42, நின்றவாக்கில் 42, மொத்தம் 84 செவ்வகங்கள். ஆக 168 விளிம்பு.

யானைக்கு (கோட்டை என்பவர்களும் உண்டு) இந்தக் கதை நடக்காது. ஒரு வரிசையில் எந்தக் கட்டத்திலிருந்தும் எந்தக் கட்டத்துக்கும் அது போகும். அதாவது ஒவ்வொரு வரிசையும் ஒரு கே(8), மேலிருந்து கீழாகப் போகும் ஒவ்வொரு நிரலும் ஒரு கே(8). 16 கே(8), ஒன்றுக்கு 28, ஆக 448 விளிம்பு. மூன்று கட்டம் எடுத்தாலே முக்கோணம் வந்துவிடுகிறது. மூன்று பேரை இரண்டு கூறில் போட்டால் இருவர் ஒரே கூறில் மாட்டிக்கொள்வார்கள், அவர்களுக்குள் விளிம்பு இருக்கும். எனவே கே(3)ஐ உள்ளே வைத்திருக்கும் எந்தக் கோட்டுருவும் இருகூறு ஆகாது. முழுக் கோட்டுருக்களில் இருகூறாக இருப்பவை கே(1), கே(2) மட்டும். கே(1)இல் ஒரு கூறு காலி, வரையறை அதை அனுமதிக்கிறது.

படி 7: இருகூறா என்று சோதிக்கும் முறை

பார்வைக்கு ஏமாறாமல் சோதிக்க ஒரே வழி வண்ணம் தீட்டுவது.

ஏதாவது ஒரு முனையைச் சிவப்பாக்குங்கள். அதன் அண்டை முனைகள் எல்லாம் நீலம். அவற்றின் அண்டைகள் சிவப்பு. இப்படியே அலை அலையாகப் போங்கள். வண்ணமிட்ட முனையை மறுபடி சந்தித்தால் வண்ணம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். முரண்பட்டால் இருகூறு இல்லை. முரணே வராமல் முடிந்தால் இருகூறு. ஏதாவது முனை மிச்சமிருந்தால் அங்கிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

ஒரு 3×3 பலகையில் குதிரையை வைத்துச் செய்து பார்ப்போம். மேல் வரிசை 1, 2, 3. நடு வரிசை 4, 5, 6. கீழ் வரிசை 7, 8, 9. விளிம்புகள் எட்டு: 1–6, 1–8, 2–7, 2–9, 3–4, 3–8, 4–9, 6–7. 1 சிவப்பு. 6, 8 நீலம். 6இலிருந்து 7 சிவப்பு, 8இலிருந்து 3 சிவப்பு. 7இலிருந்து 2 நீலம், 3இலிருந்து 4 நீலம். 2இலிருந்து 9 சிவப்பு. 4உம் 9ஐத் தொடுகிறது. 4 நீலம், 9 சிவப்பு, சிக்கல் இல்லை. 5க்கு எந்த விளிம்பும் இல்லை, நடுக்கட்டத்தில் நிற்கும் குதிரையால் நகரவே முடியாது. அதற்கு எந்த வண்ணம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆகவே கூறு பிரிப்பது ஒரே விதமாகத்தான் இருக்கும் என்பதில்லை. கோட்டுரு முழுவதும் இணைந்திருந்தால் மட்டுமே அந்த உறுதி.

விளிம்புகளைத் தொடர்ந்து போனால் 1–6–7–2–9–4–3–8–1 என்று ஒரே வளையம். ஒரு பழைய புதிர் இதில்தான் தீர்கிறது: 1, 3இல் கருப்புக் குதிரைகள், 7, 9இல் வெள்ளைக் குதிரைகள், இடம் மாற்ற வேண்டும். பலகையைப் பார்த்து யோசித்தால் தலை சுற்றும். வளையத்தைப் பார்த்தால், நான்கு குதிரையும் ஒரே திசையில் ஆளுக்கு நான்கு தாவல் போனால் போதும். மொத்தம் 16 நகர்வு.

படி 8: ஒற்றைச் சுற்று இருந்தால் ஆகாது

ஹங்கேரியின் டேனெஷ் கோனிக் சொன்ன தேற்றம்: ஒற்றைப்படை நீளமுள்ள சுற்று (போட்டிச் சுற்று அல்ல, புறப்பட்ட முனைக்கே திரும்பும் வளையம்) ஒன்றுகூட இல்லாத கோட்டுருவே இருகூறு கோட்டுரு, இருந்தால் இல்லை. கோட்டுருவியலுக்கு முதல் முழுப் பாடநூலை 1936இல் வெளியிட்டவரும் இவர்தான்.

ஒரு பக்கம் எளிது. இருகூறு கோட்டுருவில் ஒவ்வோர் அடிக்கும் கூறு மாறுகிறது, புறப்பட்ட கூறுக்குத் திரும்ப இரட்டைப்படை அடி வேண்டும். மறுபக்கத்தைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். சோதனை தோற்றது என்று வையுங்கள்: ஒரே வண்ணமுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே விளிம்பு இருக்கிறது. இருவரிடமிருந்தும் வண்ணம் வந்த வழியே பின்னோக்கிப் போனால் இரு வழிகளும் ஓரிடத்தில் முதலில் சேரும். அங்கிருந்து இருவருக்கும் உள்ள தூரங்கள் இரண்டும் ஒற்றைப்படை, அல்லது இரண்டும் இரட்டைப்படை, ஏனென்றால் இருவரும் ஒரே வண்ணம். கூட்டினால் இரட்டைப்படை. நடுவிலுள்ள அந்த விளிம்பைச் சேர்த்தால் ஒற்றைப்படை. சுற்று கிடைத்துவிட்டது. அதனால் சோதனை தோற்கும்போது வெறுமனே 'இல்லை' என்று எழுதாதீர்கள், அந்த ஒற்றைச் சுற்றைச் சாட்சியாகக் காட்டுங்கள்.

இதன் பலனை உடனே பார்க்கலாம். 5×5 பலகையில் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரு முறை மிதித்துத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப முடியுமா? அப்படி நடந்தால் 25 நீளச் சுற்று. ஒற்றைப்படை. முடியவே முடியாது. திரும்ப வேண்டாம், எல்லாவற்றையும் மிதித்தால் போதும் என்றால் முடியும், ஆனால் மூலைக்கட்டத்தின் வண்ணத்தில் தொடங்க வேண்டும், அந்த வண்ணத்தில்தான் 13 கட்டம். 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் அரைப் பலகையில், அதாவது 4×8 கட்டங்களில், குதிரை போகும் பாதையில் படித்தாலும் அதே செய்யுள் வரும்படி எழுதியிருக்கிறார். அந்த 32 அசைகளும் கூறு மாறி மாறித்தான் வருகின்றன.

படி 9: முழு இருகூறு கோட்டுரு

1923இல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் ஒரு செஸ் போட்டி. 10 டச்சு வீரர்கள் ஒரு பக்கம், 10 வெளிநாட்டு வீரர்கள் மறுபக்கம். ஒவ்வொரு டச்சு வீரரும் எல்லா வெளிநாட்டவருடனும் ஆடினார், தங்களுக்குள் ஆடவில்லை. யோஹ்னரும் ஸ்பீல்மானும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றும் இந்த வகைப் போட்டிக்கு ஸ்கெவெனிங்கன் முறை என்றே பெயர்.

கோட்டுருவில் இது கே(10,10). ஒரு கூறில் ம, மறு கூறில் ந முனைகள் இருந்து, எதிரெதிர் ஜோடிகள் எல்லாம் இணைந்திருந்தால் கே(ம,ந). விளிம்புகள் ம×ந. ஒரு கூறில் எல்லோருக்கும் படி ந, மறு கூறில் ம. ஸ்கெவெனிங்கனில் 10×10 = 100 ஆட்டம், 10 சுற்று. அதே 20 பேரும் எல்லோரும் எல்லோருடனும் ஆடியிருந்தால் 190 ஆட்டம், 19 சுற்று. விட்டுப்போனவை எவை? டச்சுக்காரர்களுக்குள் 45, வெளிநாட்டவருக்குள் 45.

190 = 45 + 45 + 100

கே(20)ஐ இரண்டாகப் பிளந்தால் இரண்டு கே(10)உம் ஒரு கே(10,10)உம் கிடைக்கின்றன. முழு இருகூறு கோட்டுருவின் நிரப்பி (அதில் விடுபட்ட விளிம்புகளை மட்டும் வரைந்தால் கிடைப்பது) எப்போதுமே இரண்டு தனித்தனி முழுக் கோட்டுருக்கள்தான். நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அட்டவணை இங்கே இன்னும் சுலபம். ஓர் அணியை வரிசையாக உட்கார வையுங்கள், மறு அணி சுற்றுக்கு ஓர் இருக்கை நகரட்டும். பத்துச் சுற்றில் எல்லோரும் எல்லோரையும் சந்தித்துவிடுவார்கள். இருகூறு கோட்டுரு எதுவானாலும், அதிலுள்ள பெரிய படி எவ்வளவோ அவ்வளவு வண்ணம் விளிம்புகளுக்குப் போதும் என்று கோனிக் 1916இல் நிறுவினார்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். கே(ம,ந) முழுக் கோட்டுரு அல்ல. அதேபோல இருகூறு என்றாலே எல்லா எதிர் ஜோடிகளும் இணைந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. குதிரைக் கோட்டுரு இருகூறு, ஆனால் முழு இருகூறு அல்ல; அப்படி இருந்திருந்தால் 32×32 = 1024 விளிம்பு வேண்டும், இருப்பது 168.

படி 10: 100 என்பது ஏன் உச்சம்

20 பேர். எந்த மூவரும் தங்களுக்குள் ஒருவரோடு ஒருவர் எல்லாம் ஆடியிருக்கக் கூடாது, அதாவது முக்கோணமே கூடாது. அதிகபட்சம் எத்தனை ஆட்டம் வைக்கலாம்? ஸ்கெவெனிங்கனின் அதே 100 தான் விடை. 1907இல் மாண்டெல் நிறுவியது: முக்கோணம் இல்லாத கோட்டுருவில் விளிம்புகள் ந²/4ஐத் தாண்டாது.

நிறுவல் இரண்டே வரி. ஒரு விளிம்பின் இரு முனைகளுக்குப் பொது அண்டை கிடையாது, இருந்தால் முக்கோணம். ஆகவே அவற்றின் படிகளின் கூட்டுத்தொகை ந-ஐத் தாண்டாது. இதை எல்லா விளிம்புகளுக்கும் கூட்டினால் படிகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை, விளிம்பு எண்ணிக்கை × ந என்பதற்குள் அடங்கும். அந்த வர்க்கக் கூட்டுத்தொகை, 4×(விளிம்பு)²/ந-க்குக் குறையாது என்பது சராசரி பற்றிய சாதாரண சமனின்மை. இரண்டையும் சேர்த்தால் ந²/4.

படி 11: ஜோடி சேர்த்தல்

செஸ் பலகையின் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். 62 கட்டம் மிச்சம். ஒவ்வொன்றும் இரண்டு கட்டத்தை மறைக்கும் 31 டோமினோக்களால் மூட முடியுமா? 31×2 = 62, கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் எதிரெதிர் மூலைகள் ஒரே வண்ணம். மிச்சம் ஒரு வண்ணத்தில் 32, இன்னொன்றில் 30. டோமினோ எப்போதும் ஒரு கருப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மறைக்கும். முடியாது.

எண்ணிக்கை சமமாக இருந்தாலும் ஜோடி சேராமல் போகலாம். எப்போது சேரும் என்பதற்கு பிலிப் ஹால் 1935இல் நிபந்தனை சொன்னார்: ஒரு கூறிலிருந்து எந்தக் கூட்டத்தை எடுத்தாலும், அவர்களுடைய அண்டைகள் குறைந்தது அத்தனை பேராவது இருக்க வேண்டும். மூன்று பேர் இரண்டே நாற்காலியைக் கேட்டால் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். அதைத் தவிர வேறு தடையே கிடையாது என்பதுதான் ஹால் தேற்றத்தின் வலிமை.

கண்டுபிடிக்கும் முறை இதோ. ஒரு செஸ் பயிற்றுநரிடம் அ, ஆ, இ, ஈ என்று நான்கு மாணவர்கள், நாளைக்கு ஒருவர். அ-வுக்குத் திங்கள் அல்லது செவ்வாய் தோது. ஆ-வுக்குத் திங்கள் அல்லது புதன். இ-க்குச் செவ்வாய் மட்டும். ஈ-க்குப் புதன் அல்லது வியாழன். அவசரத்தில் அ-வுக்குச் செவ்வாயும் ஆ-வுக்குத் திங்களும் கொடுத்துவிட்டோம். இ மாட்டிக்கொண்டான். எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. இ-க்கு வேண்டிய செவ்வாய் அ-விடம் இருக்கிறது. அ திங்களுக்கு நகரலாம், அது ஆ-விடம். ஆ புதனுக்கு நகரலாம், அது காலி. சங்கிலியைத் திருப்பிவிட்டால் இ செவ்வாய், அ திங்கள், ஆ புதன், ஈ வியாழன். ஜோடியில் இல்லாத விளிம்பு, ஜோடியில் இருக்கும் விளிம்பு என்று மாறி மாறிப் போய்க் காலி இடத்தில் முடியும் இந்தச் சங்கிலியைத் தேடுவதே ஜோடி சேர்க்கும் பெரும்பாலான கணினி நிரல்களின் உயிர்நாடி.

படி 12: வெட்டிக்கொள்ளாமல் வரைய முடியாத இரண்டு

மூன்று வீடு, தண்ணீர், எரிவாயு, மின்சாரம் மூன்று நிலையம். எல்லா வீட்டுக்கும் எல்லா இணைப்பும் வேண்டும், கோடுகள் குறுக்கே வெட்டக்கூடாது. இது கே(3,3). எவ்வளவு முயன்றாலும் ஒன்பதாவது கோடு மாட்டிக்கொள்ளும்.

ஏன்? இணைந்த கோட்டுருவை வெட்டாமல் வரைந்தால் முனை − விளிம்பு + முகம் = 2 என்பது ஆய்லர் வாய்பாடு; கோடுகளால் அடைபட்ட ஒவ்வொரு பகுதியும் ஒரு முகம், வெளிப்பரப்பும் ஒரு முகம். இங்கே 6 − 9 + முகம் = 2, முகம் 5. இருகூறு கோட்டுருவில் முக்கோணம் இல்லை, ஒவ்வொரு முகத்துக்கும் குறைந்தது 4 விளிம்பு. 5×4 = 20. ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகத்தில் வரும், ஆகவே கிடைப்பது 18 தான். 20 தேவை, 18 இருப்பு. முடியாது. கே(5)க்கும் அதே கணக்கு: 5 − 10 + முகம் = 2, முகம் 7, முகத்துக்கு 3 விளிம்பு, 21 தேவை, 20 இருப்பு. 1930இல் குரடோவ்ஸ்கி சொன்னது: சமதளத்தில் வரைய முடியாத எந்தக் கோட்டுருவுக்குள்ளும் கே(5) அல்லது கே(3,3), விளிம்புகளின் நடுவே கூடுதல் முனைகள் செருகப்பட்ட வடிவிலாவது, ஒளிந்திருக்கும்.

வெட்டாமல் முடியாது, சரி. குறைந்தது எத்தனை வெட்டு? 1944இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் டூரான் கட்டாய உழைப்பில் புடாபெஸ்ட் அருகே ஒரு செங்கல் தொழிற்சாலையில் இருந்தார். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு கிடங்குக்கும் தண்டவாளம். வண்டியைத் தள்ளுவது கடினமில்லை. தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில்தான் வண்டி தடம் புரண்டு செங்கல் சரியும். ம சூளை, ந கிடங்கு, மிகக் குறைந்த வெட்டு எத்தனை என்று அவர் அங்கேயே யோசிக்கத் தொடங்கினார். சரன்கீவிச் ஒரு வாய்பாடும் நிறுவலும் வெளியிட்டார். நிறுவலில் ஓட்டை இருப்பது பிறகு தெரிந்தது. ம, ந இரண்டும் ஒரே இரட்டைப்படை எண் 2ப என்றால் வாய்பாடு ப²(ப−1)² என்று வரும், கே(4,4)க்கு 4. சிறிய கூறில் 6 பேர் வரை இருந்தால் வாய்பாடு சரி என்று கிளைட்மன் 1970இல் நிறுவினார். பொதுவாக இன்னும் யாரும் நிறுவவில்லை.

கொஞ்சம் பயிற்சி

பன்னிரண்டு அணி லீக், ஒவ்வொரு ஜோடியும் இருமுறை: 12×11 = 132 ஆட்டம், 22 சுற்று.

கனசதுரத்தின் 8 மூலைகள், 12 ஓரங்கள் இருகூறா? ஆம். மூலைகளுக்கு 000 முதல் 111 வரை பெயர் வையுங்கள், ஓரம் வழியே போனால் ஓர் இலக்கம் மட்டும் மாறும். 1கள் இரட்டைப்படையாக உள்ளவை ஒரு கூறு, மற்றவை மறு கூறு.

கே(4,6)ஐ கையை எடுக்காமல் வரைந்து தொடங்கிய இடத்துக்கு வரலாமா? படிகள் 6, 4. வரலாம். கே(3,3) முடியாது.

கடைசியாக, செஸ் பலகையில் ஒரு கருப்புக் கட்டத்தையும் ஒரு வெள்ளைக் கட்டத்தையும், எங்கே வேண்டுமானாலும், வெட்டி எடுத்தால் டோமினோவால் மூட முடியுமா? எப்போதும் முடியும், இது ரால்ஃப் கோமரி காட்டியது. பக்கத்துக் கட்டத்துக்கு மட்டும் நகர்ந்து 64 கட்டத்தையும் சுற்றி வரும் ஒரு மூடிய பாதையை முதலில் வரையுங்கள்: இடது ஓர நிரலில் நேரே மேலே போய், மற்ற ஏழு நிரல்களை வரிசை வரிசையாக வளைந்து வளைந்து இறங்கினால் கிடைக்கும். அந்தப் பாதையில் வண்ணம் மாறி மாறி வரும். இரண்டு எதிர் வண்ணக் கட்டங்களை எடுத்தால் பாதை இரண்டு துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் கட்டங்கள் இருக்கும். துண்டின் ஒரு முனையிலிருந்து டோமினோவை வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். எடுத்த கட்டங்கள் பாதையில் அடுத்தடுத்து இருந்தால் 62 கட்டமும் ஒரே துண்டாக நிற்கும், அதுவும் இரட்டைப்படையே.